நொட்டை சொல்பவனுக்கு நிழலில் இடம்

"ரொம்ப நன்றாக இருக்கிறது" என்று யாராவது சொல்லிவிட்டால் அவருக்கு முகம் சுருங்கிவிடும். சம்பந்தி வீட்டார் பலகாரத் தட்டைத் தொடாமல் தள்ளி வைத்துவிட்டுப் போனது மாதிரி ஒரு வருத்தம். சொன்னவரை ஏற இறங்கப் பார்ப்பார். "சரி, வுடு" என்று பேச்சை மாற்றிவிடுவார். அதுவே "ஏதோ ஒண்ணு இடிக்குதே" என்று சொல்லிப் பாருங்கள். உட்கார இடம் போட்டு, பீடியை அணைத்துவிட்டு, "இன்னா இடிக்குது, எங்க இடிக்குது, சொல்லு" என்று வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. பெயர்களால் அவர் பட்டது போதும்.

எண்பதுகளின் கடைசியில் நான் மண்ணூர்பேட்டையில் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தேன். ஆவடியில் ஒரு அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் சைக்கிளில் அம்பத்தூர் ரயில் நிலையம் வரை வந்து, ஸ்டாண்டில் விட்டுவிட்டு, மின்சார ரயில் பிடிப்பேன். அந்த ஸ்டாண்டில் தகர டோக்கன் கொடுப்பவராகத்தான் அவர் எனக்கு அறிமுகம். நாற்பத்தைந்து வயது இருக்கும். கைலி, முண்டா பனியன், காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலால் அவர் எதையும் எழுதி நான் பார்த்ததில்லை. சைக்கிள் சீட்டில் தாளம் போடத்தான் அது.

ஸ்டாண்டில் பாதிக்குத்தான் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மீதி வெட்டவெளி. வெயிலில் நின்ற சைக்கிள் சாயங்காலம் டியூப் வெடித்துக் கிடக்கும். நிழல் வரிசையில் இடம் கிடைக்க எல்லோரும் அவரைத் தாஜா பண்ணுவார்கள். எதுவும் நடக்காது. எனக்கு அது கிடைத்தது ஒரு வாய்த்துடுக்கால். ஒரு நாள் காலையில் அவர் யாரோ ஒருவருடைய சீட்டில் பென்சிலைத் தட்டி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ரயில் தாமதம். நான் சும்மா இருக்காமல், "மூணாவது அடியில ஒரு தட்டு குறையுதுங்க" என்றேன். எனக்குப் பிறப்பிலேயே அந்த வியாதி உண்டு. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் எழுத்துப்பிழை தேடுவேன்.

அவர் பென்சிலைக் காதில் செருகினார். மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். பிறகு எழுந்து போய் என் சைக்கிளை வெயிலிலிருந்து கிளப்பிக் கொண்டுவந்து கூரைக்கு அடியில், தூணை ஒட்டி நிறுத்தினார். அன்று முதல் அது என் இடம்.

"நல்லா கீதுன்றவன் பாதிலயே எந்திரிச்சிப் பூடுவான் நைனா" என்பார். "நொட்ட சொல்றவன்தான் கடேசி வரிக்கும் குந்திக் கேட்டுகினு இருப்பான்."

இது அவருக்குச் சாப்பாட்டிலிருந்து சைக்கிள் வரை எல்லாவற்றுக்கும் பொருந்தும் சட்டம். அவர் மனைவி மத்தியானம் தூக்குவாளியில் சோறு கொண்டுவரும். கல்யாணமான புதிதில் புருஷன் செய்ததையெல்லாம் புகழ்ந்து வாங்கிக் கட்டிக்கொண்டதோடு அந்த அம்மா அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டது. நான் பார்த்த காலத்தில் அது அவரைத் திட்டாத நாளே கிடையாது. இருவரும் அவ்வளவு ஒற்றுமை.

அவர் கானா பாடகர் என்பதை எனக்குச் சொன்னது நிலையத்துக்கு எதிரே இருந்த சலூன்காரர். சாதாரணப் பாடகர் இல்லையாம். பூந்தமல்லியிலிருந்து பாடி வரைக்கும் ஒரு சாவு விழுந்தால், பூக்காரருக்குச் சொல்வதற்கு முன்னால் அவருக்குச் சொல்லி அனுப்புவார்களாம். "அவரு பாடலன்னா பொணம் எந்திரிக்காது சார்" என்றார் சலூன்காரர். பிறகு தான் சொன்னதை யோசித்துப் பார்த்து, "அதாவது, தூக்க மாட்டாங்க" என்று திருத்திக்கொண்டார்.

நான் அங்கே வருவதற்குச் சில வருடங்கள் முன்பே ஒரு நாள் அவர் பாடுவதை நிறுத்திவிட்டாராம். ஏன் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். தொண்டையில் கட்டி என்றார்கள். மருந்து வைத்துவிட்டார்கள் என்றார்கள். மனைவி தாலியைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கிவிட்டது என்றார்கள். நான் நேரடியாகவே கேட்டேன். "பாட்ல கொற வந்துச்சு, வுட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயரவில்லை.

அவரைத் திரும்பப் பாட வைத்தவர் அம்பத்தூர் ஓ.டி. என்கிற பழைய டவுன்ஷிப் பக்கம் கேசட் கடை வைத்திருந்த ஒருவர். சினிமாப் பாட்டுகளைப் பட்டியல் கொடுத்தால் பதிந்து தருவது அவர் தொழில். தொண்ணூறுகள் பிறந்த சமயம். சொந்தமாக ஒரு கேசட் வெளியிட்டுப் பெரிய ஆளாகிவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. ஒரு வருடம் ஸ்டாண்டுக்கு நடையாக நடந்தார். புகழ்ந்து பார்த்தார், வேலைக்கு ஆகவில்லை. கடைசியில் வெறுத்துப்போய், "உன் தொண்ட துரு புடிச்சிருக்கும், இனிமே உன்னால பாட முடியாது, நான்தான் பைத்தியக்காரன்" என்று கத்திவிட்டுப் போனார். மறுநாள் காலையில் கடை திறக்கும்போது நம்மவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டார். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு அவர் இஷ்டம். அதில் யாரும் மூக்கை நுழைக்கக் கூடாது.

கடைக்குப் பின்னால் ஒரு அறை. சுவரெல்லாம் கோணிச்சாக்கு ஆணியடித்து, ஜன்னலில் மெத்தையை நிறுத்தி, அதற்கு ஸ்டுடியோ என்று பெயர் வைத்தார்கள். ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக்கு, ஒரு பாங்கோஸ். ரயில் பாதை கூப்பிடு தூரம். மின்சார ரயில் வருகிற சத்தம் கேட்டதும் கடைக்காரர் கையைத் தூக்குவார். எல்லோரும் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ரயில் போனதும் விட்ட இடத்திலிருந்து பிடிப்பார்கள். எங்கே நிறுத்தினோம், எங்கே பிடித்தோம் என்பதில் அவ்வப்போது கொஞ்சம் இடைவெளி விழுந்துவிட்டது. இந்த இடைவெளிகளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அவற்றுக்குப் பெரிய எதிர்காலம் இருந்தது.

கேசட் வந்தது. அட்டையில் அவர் படம், பின்னால் அவர் பார்த்தேயிராத ஒரு நீர்வீழ்ச்சி. முதல் ஒரு மாதம் கடைக்காரர் ஈ ஓட்டினார். பிறகு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது. திடீரென்று எல்லா இடத்திலும் அந்தக் குரல். சலூனில், லாரி செட்டில், தொழிற்பேட்டை எஸ்டேட் கேண்டீனில், ஆவடி மார்க்கெட் குடை ரிப்பேர் கடையில். அவ்வளவும் சாவுக்குப் பாடுகிற பாட்டு. அதை வைத்து ஜனங்கள் காது குத்தினார்கள், கடை திறந்தார்கள். கொரட்டூரில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்பு வண்டியில், "பாய விரிச்சிட்டான், பயணம் கெளம்பிட்டான்" என்று அவர் பாடிக்கொண்டு வர, மாப்பிள்ளை சிரித்த முகமாகக் கும்பிட்டுக்கொண்டே போனதை நானே பார்த்தேன். யோசித்தால் பாட்டில் தப்பில்லை.

அடுத்து, எழுதுகிறவர்கள் வந்தார்கள்.

ஒரு வாரப் பத்திரிகை, அரைப்பக்கத்தில், 'மீண்டும் ஒலிக்கும் மண்ணின் குரல்' என்று எழுதியது. ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் போட்டோகிராபரோடு வந்தார். சைக்கிள்களுக்கு நடுவே அவரை நிறுத்தித் தொலைவில் பார்க்கச் சொன்னார். தொலைவில் பொதுக்கழிப்பறை இருந்தது. அதையே அவர் முறைத்துப் பார்க்க, படத்தில் அது தீர்க்கதரிசனமாக விழுந்திருந்தது. திருநின்றவூரில் மனை வாங்கிப் போட்டிருந்த ஒரு பேராசிரியர், மனையைப் பார்க்கப் போகிற வழியில் இறங்கி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பாட்டைவிட உங்க மௌனம்தான்யா என்னைத் தூங்க விடல" என்றார். பாட்டுக்கு நடுவே திடீர் திடீரென்று விழும் அந்த மௌனங்கள் பேச வாய்க்காத ஒரு சமூகத்தின் நூற்றாண்டுகால மௌனங்கள் என்று ஒரு கட்டுரையும் எழுதினார்.

"அது ஒம்போது இருவது லோக்கலு சார்" என்றார் இவர், மரியாதையாக.

பேராசிரியர் அதையும் குறித்துக்கொண்டார்.

இவ்வளவு புகழுக்கு நடுவில் அந்த மனிதர் இளைத்துக்கொண்டே போனார். உண்மையாகவே இளைத்தார், பனியன் தொளதொளத்தது. டோக்கன் வாங்க வருகிறவனையெல்லாம் நிறுத்தி, "கேட்டியா? இன்னா கொற?" என்பார். "கொறையா? சூப்பரு மாமே!" என்று சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடுவான். அவன் சைக்கிள் அன்று வெயிலில் காயும். கச்சேரிக்குக் கூப்பிட்டு ஆயிரம் பேர் கை தட்டினாலும், தட்டாமல் இருக்கிற ஒரு கையைத் தேடிக் கண்டுபிடித்துவிடுவார். ஒரு தடவை அம்பத்தூர் கோயில் திருவிழாவில் பாடி முடித்ததும் மேடையை விட்டு இறங்கி, கை தட்டாத ஆளைத் தேடிப் போய்க் காரணம் கேட்டிருக்கிறார். அந்த ஆள் கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒருத்தனும் கேக்கல நைனா" என்றார் என்னிடம். "அல்லாரும் ஆடுறான். ஒருத்தனும் கேக்கல."

அப்போது நானும் நண்பர்கள் மூவரும் ஒரு சிற்றிதழ் நடத்திக்கொண்டிருந்தோம். பெயரைச் சொன்னால் இப்போது யாருக்கும் தெரியாது, அப்போதும் தெரியாது. அதில் கேசட்டுக்கு இரண்டு பக்கம் மதிப்புரை எழுதினேன். ஒன்றே முக்கால் பக்கம் புகழ்ச்சி. அவருக்குப் புரியாத சொற்களாகப் பார்த்துப் பொறுக்கிப் போட்டேன். ஆனால் வெறும் புகழ்ச்சியாக எழுதினால் விமர்சகன் என்று யார் மதிப்பார்கள்? ஏதாவது ஒரு குறை வேண்டும். இரண்டாம் பக்கக் கடைசிப் பாட்டு கையில் அகப்பட்டது. இறந்துபோன ஒரு மேஸ்திரியைப் பற்றிய பாட்டு. பிள்ளைகள் பெயர், பேரப்பிள்ளைகள் பெயர் என்று வரிசையாக வரும். 'இது பாட்டாக இல்லை, யாரோ ஒருவருடைய ரேஷன் கார்டை வாசிப்பதுபோல் இருக்கிறது. தொகுப்பின் ஒரே சறுக்கல்' என்று முடித்தேன். ரேஷன் கார்டு என்ற இடத்தில் எனக்கே என்மேல் ஒரு பிரியம் வந்தது.

இதழ் வந்த மறுநாள் ஒரு பிரதியை அவரிடம் கொடுத்தேன். எழுத்துக்கூட்டி வாசிப்பார். மாலையில் நான் ரயில் விட்டு இறங்கியபோது, இதழை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தார். பல மாதங்களுக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு.

"நீ ஒர்த்தன்தான் கடேசி வரிக்கும் கேட்டுகீற" என்றார். என் கையைப் பிடித்துத் தூணோரம் உட்கார வைத்தார். அன்றைக்குத்தான் பாட்டை நிறுத்திய கதையைச் சொன்னார்.

சாவுக் கானாவில் பேர் போடுவது என்று ஒன்று உண்டு. பாடை தூக்குவதற்கு முன் கடைசியாகப் பாடுவது. இன்னாரையெல்லாம் விட்டுவிட்டுப் போகிறாயே என்று, மனைவி, மக்கள், பேரன் பேத்தி எல்லோர் பெயரையும் முறையாகச் சொல்லி, செத்தவரிடம் கேட்பது. பாட்டில் பெயர் வந்த ஒவ்வொருவரும் முன்னால் வந்து வாய்க்கரிசி போடுவார்கள். பாடகர் முன்கூட்டியே வீட்டு ஆள் ஒருவரிடம் பெயர்களைக் கேட்டு மனதில் வாங்கிக்கொள்வார். நசரத்பேட்டையில் ஒரு மேஸ்திரி செத்துப்போனபோது மூத்த மகன் தேவராசுதான் பெயர்களைச் சொன்னான். மூன்று மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். இவர் அருமையாகப் பாடினார். மத்தியான வெயிலில் சாமியானாவே அழுதது. கடைசிப் பெயரைச் சொல்லி நிறுத்தியதும், கூட்டத்தின் ஓரத்திலிருந்து ஒரு சின்னப் பெண் கேட்டது: "எம் பேரு?"

குமணன்சாவடியில் மேஸ்திரிக்கு இன்னொரு குடும்பம் இருந்திருக்கிறது. ஒன்பது வயதில் ஒரு மகள். மகன் அதைச் சொல்லவில்லை; இவர் கேட்கவில்லை. யாரோ அந்தப் பெண்ணின் வாயைப் பொத்தித் தள்ளிக்கொண்டு போனார்கள். பாடை கிளம்பிவிட்டது.

"சாவு ஊட்ல உட்ட பேரு, உட்டதுதான். திரும்பப் பாட முடியாது. எரிச்சிட்டு வந்துட்றாங்க இல்ல?" என்றார். "அல்லாரும் என் பாட்டக் கேட்டு அழுதான். அந்தப் பொண்ணு மட்டும் அழுவல நைனா. கேள்வி கேட்டுகினு நின்னுச்சு. ஆறேழு வருஷம் வாயே தொறக்கல நானு. கேசட்டுன்னு சொன்னாங்களா, சரி, விசாரிச்சி வெச்சிருந்த அந்தப் பேர இதுல போட்டுடலாம், அது எங்கியாவது கேக்கும்னுதான் பாட வந்தேன்."

நான் பக்கத்துச் சைக்கிளின் பெடலைச் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்லவேள நீ சொன்ன" என்றார். "பாட்டு நல்லா இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு அது இன்னொரு கேவலம்தான? கேசட் கடைக்காரன்ட்ட சொல்லிட்டேன். அடுத்து போட்றதுல அத எடுத்துட்டு வேற ஒண்ணு போடச் சொல்லிட்டேன்."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அந்த மதிப்புரையை நான் எப்படி எழுதினேன், எதற்காக அந்தக் குறையைத் தேடிப் பிடித்தேன் என்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏன் என்று இத்தனை வருடம் கழித்து மழுப்புவதில் அர்த்தமில்லை. அதுவரை என் எழுத்துக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்ததில்லை. முதன்முதலாக நான் எழுதி ஒன்று நடந்திருக்கிறது. உள்ளுக்குள் இனித்தது. தூணோர நிழல் வேறு.

இரண்டாம் பதிப்பு முதல் பதிப்பைவிட நன்றாக ஓடியது. கடைசிப் பாட்டாக ஒரு மாமியார் மருமகள் சண்டை. கடைக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கும்பிட்டார்.

நாலைந்து மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அச்சகத்தில் புரூப் வாங்க வந்த நான் ஸ்டாண்டில் அவரோடு பேசிக்கொண்டிருந்தேன். கூட்டமில்லை. ஒரு பெண் வந்து நின்றது. பதினேழு வயதிருக்கும். எஸ்டேட்டில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தைக்கிற பெண்களுக்கு உள்ள நீல மேல்கோட்டு. கையில் கேசட்.

"இத்த பாடுனது நீங்களா ணா?"

"ஆமாம்மா."

"இதுல எங்கப்பா பாட்டு எங்க?"

கூட வேலை செய்கிற பெண்ணின் அண்ணனிடம் முதல் கேசட் இருந்திருக்கிறது. அதில் உன் பெயர் வருகிறது, உன் அப்பா மேஸ்திரி என்று வருகிறது என்று அந்தப் பெண் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அந்தக் கேசட்டின் டேப் சிக்கி அறுந்துவிட்டது. இந்தப் பெண் சம்பளம் வாங்கிய அன்று கடைக்குப் போய்ப் புதிது வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. குமணன்சாவடியில் அம்மா படுத்த படுக்கை. பக்கத்து வீட்டில் டேப்ரிக்கார்டர் இரவல் வாங்கி, தலைமாட்டில் வைத்து, இரண்டு பக்கமும் இரண்டு தடவை ஓட்டிவிட்டார்கள்.

"அம்மா இன்னும் ஒருவாட்டி போடுன்னுச்சு. எப்டியும் வரும்னுச்சு. வரல" என்றது. குரலில் கோபமில்லை. அதுதான் தாங்கவில்லை.

அவர் எழுந்து நின்றுவிட்டார். "நீ கஸ்தூரியா?"

தலையாட்டியது.

"அந்தப் பாட்டு நல்லா இல்லன்னு நான்தாம்மா எடுத்துட்டேன்" என்றார். என் பக்கம் திரும்பவே இல்லை. "ரேஷன் கார்டு படிக்கிறாப்ல கீதுன்னாங்க. வாஸ்தவம்தான்னு தோணுச்சு."

"ரேஷன் கார்டுலயும் எங்க பேரு இல்ல ணா" என்றது கஸ்தூரி.

என் காது இரண்டும் சூடேறின. "என்கிட்ட முதல் கேசட் இருக்கு, இதோ எடுத்துட்டு வர்றேன்" என்று சைக்கிளைக் கிளப்பினேன். மண்ணூர்பேட்டை போய்த் திரும்ப முக்கால் மணி நேரம். மிதித்த மிதியில் ஒரு பக்கச் செருப்பு எஸ்டேட் ரோட்டில் கழன்றது, எடுக்கவில்லை. இந்த ஒரு காரியத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் தூணோரம் உட்கார்ந்திருந்தது. அவர் டீ வாங்கிக் கொடுத்திருந்தார். ஆறி ஏடு கட்டியிருந்தது.

ஸ்டாண்டில் இருந்த டேப்ரிக்கார்டரில் கேசட்டைப் போட்டு, இரண்டாம் பக்கத்தின் கடைசிக்கு ஓட்டி, பொத்தானை அழுத்தினேன்.

"...விளிம்பின் குரல் என்பது விளிம்பிலிருந்து வருவதாலேயே மையத்தால் கேட்கப்படாமல் போகிற ஒரு குரலாக..."

என் குரல். முந்தைய மாதம் ஒரு இலக்கியக் கூட்டத்தில் பேசினேன். அதைப் பதிந்துகொள்ள வெற்றுக் கேசட் கிடைக்கவில்லை. அழியாமலிருக்க கேசட்டின் மேல்விளிம்பில் உடைத்து வைத்திருந்த இடத்தில் காகிதத்தைத் திணித்து, நானே இதன்மேல் பதிந்திருந்தேன். பதிந்தது நினைவிருந்தது; வேறு கேசட் என்று நினைத்திருந்தேன். மூன்று பேரும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். டேப்பிலும் கனைத்தேன். அவர்தான் மெதுவாகக் கையை நீட்டி நிறுத்தினார்.

யாரும் என்னைத் திட்டவில்லை. கஸ்தூரி புடவைக் கடைப் பையில் தன் கேசட்டை வைத்துக்கொண்டு எழுந்தது.

"குந்தும்மா" என்றார் அவர்.

பக்கத்திலிருந்த சைக்கிளின் சீட்டை இழுத்துத் திருப்பிக்கொண்டார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலில், ஆர்மோனியம் இல்லை, டோலக்கு இல்லை; பாடினார்.

*கஸ்தூரியப் பெத்தவனே, கல்லும் மண்ணும் சொமந்தவனே*
*தேவராசு தோளு மேல தெருவத் தாண்டிப் போறவனே*
*ஊருக்கெல்லாம் கதவு வெச்சி ஊடு கட்டிக் குடுத்தவனே*
*உன் கதவ யாரு சாத்துனது, ஒருவார்த்த சொல்லிப் போ...*

பேர் போடும்போது மூத்தவர் பெயரிலிருந்துதான் தொடங்குவது முறை. இவர் எல்லோருக்கும் இளைய பெயரை எடுத்து முதல் சொல்லாக வைத்திருந்தார். நான் வீட்டில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு கேட்டபோது இது காதில் விழவே இல்லை. ரேஷன் கார்டு என்று எழுதிய கை என்னுடையதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அதற்குள் ஒரு ரயில் வந்தது. அவர் நிறுத்தவில்லை. ரயிலுக்கு மேலே பாடினார்.

முடிந்தது. அவர் கஸ்தூரியைப் பார்த்தார். வழக்கமான அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கஸ்தூரி அழவில்லை. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்ப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

"என்னப் பெத்தவன்னு வருது" என்றது. "தேவராசு அண்ணன் வருது. அவங்க ஊட்ல அல்லாரும் வராங்க."

"ஆமாம்மா."

"எங்கம்மா எங்க ணா?"

அவர் கையில் பென்சில் அப்படியே நின்றது.

வாரப் பத்திரிகை எழுதியது. ஆங்கிலப் பத்திரிகை எழுதியது. பேராசிரியர் மௌனத்தை எல்லாம் அளந்து எழுதினார். நான் இரண்டு பக்கம் எழுதினேன். அன்றைக்குச் சாமியானா ஓரத்தில், கேள்வி கேட்ட குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, கேள்விகூடக் கேட்காமல் ஒருத்தி நின்றிருப்பாளே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடினவருக்கே தோன்றவில்லை. வாய் திறந்த குழந்தையைத்தான் அவர் ஏழெட்டு வருடமாகச் சுமந்திருக்கிறார்.

மெல்ல மெல்ல அவர் முகம் மாறியது. வருத்தம் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. வெகுநாள் தேடிய ஆளைக் கூட்டத்தில் கண்டுவிட்ட முகம் அது.

"பேரு இன்னாம்மா, அம்மா பேரு?"

"குப்பம்மா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "பாட்டுக்கு ஒத்து வராதுன்னா..." என்றது.

"ஏன் வராது? வரும்."

பென்சிலால் இரண்டு தட்டு தட்டினார். கஸ்தூரி என்ற பெயருக்கு அடுத்ததாக வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். கஸ்தூரி எழுந்து சைக்கிளுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டு, "அம்மா மொதல்ல வரட்டும் ணா" என்றது. அவர் பென்சிலை மறுபடி தட்டிப் பார்த்தார்.

*குப்பம்மாளக் கட்டுனவனே, கஸ்தூரியப் பெத்தவனே...*

"ஆங்" என்றது கஸ்தூரி.

"அம்மாக்குக் காது நல்லா கேக்குமா?"

"அது கேக்கும்."

டோக்கன் கோத்திருந்த கம்பியை என் மடியில் போட்டார். "பாத்துக்க" என்றார், வேறு எதுவும் சொல்லாமல். நிழல் வரிசையிலிருந்து என் சைக்கிளை எடுத்து, கஸ்தூரியைப் பின்னால் உட்காரச் சொல்லி, குமணன்சாவடிப் பக்கம் கிளம்பினார். ரோட்டைத் தாண்டும்வரை அந்த முதல் அடியை மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்துக்கொண்டு போவது கேட்டது.

சாயங்காலம் வரை நான் டோக்கன் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு காலில் செருப்பு இல்லை. எந்த வண்டி எந்த வரிசை என்று தெரியாமல் நிறையத் திட்டு வாங்கினேன். அங்கே அந்தப் பாட்டை அவர் எப்படிப் பாடினார், அந்த அம்மா என்ன சொன்னது என்று எனக்குத் தெரியாது. கேட்க என்னை யாரும் கூப்பிடவில்லை.